இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் தொழில்முனைவுக் கல்வி

இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் தொழில்முனைவுக் கல்வி என்பது, வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டுப்புழு வளர்ப்பு போன்ற துறைகளில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர்களுக்குச் சொந்தத் தொழில் தொடங்கி நடத்தும் அறிவையும் பழக்கத்தையும் அளிக்கும் வகுப்பறைப் பாடங்கள், களப்பயிற்சிகள், உற்பத்திப் பிரிவுகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். நாடு முழுவதற்குமான மாதிரிப் பாடத்திட்டத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.ஏ.ஆர்.) அமைக்கும் முதன்மையர் குழுக்கள் வகுக்கின்றன. மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் அதனைத் தத்தம் சூழலுக்கேற்ப நடைமுறைப்படுத்துகின்றன.

வேளாண் பட்டதாரி என்றால் அரசு அலுவலர், வங்கி அலுவலர் அல்லது ஆராய்ச்சியாளர் என்ற நிலையிலிருந்து, தானே பணம் முதலிட்டுப் பிறருக்கும் வேலை தருபவர் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவருவது இக்கல்வியின் நோக்கமாகக் கூறப்படுகிறது. இந்நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பது தொடர்ந்து விவாதிக்கப்படும் ஒன்றாகும்.

வரலாறு

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வேளாண் உயர்கல்வி, ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கொடைக் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அக்கல்லூரிகள் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் உருவானவை. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தில் இணைந்திருப்பது இம்முறையின் சிறப்பாகும். இவ்வகையில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960ஆம் ஆண்டு பந்த்நகரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது.

பசுமைப் புரட்சிக் காலத்தில் உயர் விளைச்சல் விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றை உழவர்களிடம் கொண்டு சேர்க்கப் பெருமளவில் தொழில்நுட்பப் பணியாளர் தேவைப்பட்டனர். மாநில வேளாண் துறைகள் பட்டதாரிகளைப் பணியமர்த்தின. 1969ஆம் ஆண்டு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் ஊரகக் கிளைகளிலும் வேளாண் அலுவலர்களுக்கு வேலை கிடைத்தது. எனவே அக்காலப் பாடத்திட்டம் பயிரியல், மண்ணியல், பூச்சியியல், விரிவாக்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டிருந்தது. விலை, சந்தை, கடன் ஆகியவை வேளாண் பொருளியல் பாடமாகக் கற்பிக்கப்பட்டனவேயன்றி, மாணவர் தாமே செய்து பழகும் தொழிலாகக் கற்பிக்கப்படவில்லை.

பின்னர் அரசுப் பணியிடங்கள் பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு ஈடாக வளரவில்லை. இச்சூழலில் 2002ஆம் ஆண்டு நடுவண் அரசு, வேளாண் மருந்தகங்கள் மற்றும் வேளாண் வணிக மையங்கள் திட்டத்தைத் தொடங்கியது. வேலையற்ற வேளாண் பட்டதாரிகள் உழவர்களுக்குக் கட்டண அடிப்படையில் ஆலோசனையும் சேவையும் வழங்க வேண்டும் என்பது இதன் கருத்தாகும். எனினும் இது பட்டம் பெற்ற பின் கிடைக்கும் பயிற்சியாகவே இருந்தது.

பட்டப்படிப்புக்குள்ளேயே தொழில் பயிற்சியைக் கொண்டுவரும் முயற்சி நான்காம் முதன்மையர் குழுவின் பரிந்துரைகளால் வலுப்பெற்றது. 2000களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்களில் அனுபவ வழிக் கற்றல் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பாட்னாவில் நடைபெற்ற ஐ.சி.ஏ.ஆர். நிறுவன நாள் விழாவில் 'ஸ்டூடண்ட் ரெடி' என்னும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 'ரெடி' என்பது ஊரகத் தொழில்முனைவு விழிப்புணர்வு மேம்பாட்டுத் திட்டம் என்று பொருள்படும் பெயரின் சுருக்கமாகும். ஐந்தாம் முதன்மையர் குழு இத்திட்டத்தை இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் கட்டாயமாக்கியது. அப்பாடத்திட்டம் 2016–17 கல்வியாண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வேளாண் பட்டம் தொழிற்பட்டமாக அறிவிக்கப்பட்டதும் இக்காலத்திலேயே ஆகும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து ஆறாம் முதன்மையர் குழு புதிய பாடத்திட்டத்தை வகுத்தது. 2024–25 கல்வியாண்டில் அறிமுகமான இத்திட்டத்தில், திறன் மேம்பாட்டுப் பாடங்கள் முதலாண்டிலேயே தொடங்குகின்றன. முதலாண்டின் முடிவில் சான்றிதழுடனும் இரண்டாம் ஆண்டின் முடிவில் பட்டயத்துடனும் வெளியேற வழி உள்ளது. அவ்வாறு வெளியேறுவோர் 10 வாரத் தொழிற்பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தின் கூறுகள்

வகுப்பறைப் பாடங்கள்

ஐந்தாம் முதன்மையர் குழுவின் பாடத்திட்டத்தில் 'தொழில்முனைவு மேம்பாடும் வணிகத் தொடர்பாடலும்' என்னும் தனிப்பாடம் இடம்பெற்றது. இது 2 மதிப்பலகுகள் கொண்டது. ஒன்று விரிவுரைக்கும் மற்றொன்று செய்முறைக்கும் உரியது. தொழில்முனைவோரின் இயல்புகள், சந்தை வாய்ப்பை இனங்காணல், வலிமை–குறை–வாய்ப்பு–இடர் பகுப்பாய்வு, திட்ட அறிக்கை தயாரித்தல், அரசின் உதவித் திட்டங்கள் ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. பண்ணை மேலாண்மை, வேளாண் நிதியும் கூட்டுறவும், வேளாண் சந்தைப்படுத்தல் ஆகிய பாடங்கள் இதற்குத் துணை நிற்கின்றன.

ஊரக வேளாண் பணி அனுபவம்

மாணவர்கள் இறுதியாண்டின் ஒரு பருவத்தில் ஊர்களில் தங்கி உழவர்களுடன் பணியாற்றுவது ஊரக வேளாண் பணி அனுபவம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இது கிராமத் தங்கல் திட்டம் என்றும் அறியப்படுகிறது. ஐந்தாம் குழுவின் பாடத்திட்டத்தில் இதற்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவை பின்வருமாறு பிரிக்கப்பட்டுள்ளன.

* அறிமுகப் பயிற்சி – 1 வாரம்
* ஊரில் தங்கிப் பணியாற்றல் – 8 வாரங்கள்
* வேளாண் அறிவியல் நிலையம் அல்லது ஆராய்ச்சி நிலையத்தில் பணி – 5 வாரங்கள்
* பயிர் மருத்துவ நிலையப் பயிற்சி – 2 வாரங்கள்
* வேளாண் சார் தொழிலகத்தில் பயிற்சி – 3 வாரங்கள்
* அறிக்கை தயாரித்தல் – 1 வாரம்

இது நேரடியாகத் தொழில் பயிற்சி அன்று. ஆயினும் உழவர் எதற்குப் பணம் செலவிடுகிறார், எதனைக் கடனாக வாங்குகிறார், விளைபொருளை எப்போது, யாரிடம் விற்கிறார் என்பதை மாணவர் நேரில் அறியும் வாய்ப்பு இதுவே. ஊர் வரைபடம், பருவ நாட்காட்டி போன்ற பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு உத்திகள் இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, பருவ நாட்காட்டியில் ஆள் பற்றாக்குறை நிலவும் மாதங்கள் வெளிப்பட்டால், வாடகைக்குக் கருவிகள் தரும் தொழிலுக்கு அவ்வூரில் இடமுண்டா என்று ஆராயலாம்.

அனுபவ வழிக் கற்றல்

தொழில்முனைவுக் கல்வியின் மையக் கூறு இதுவாகும். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, பல்கலைக்கழகம் அளிக்கும் இடத்தையும் சுழல்நிதியையும் கொண்டு ஒரு பொருளை உற்பத்தி செய்து, விற்று, கணக்கு முடிக்க வேண்டும். ஐந்தாம் குழுவின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் 10 மதிப்பலகுகள் உண்டு. மாணவர் இரண்டு பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து மொத்தம் 20 மதிப்பலகுகளைப் பெறுகிறார். பரிந்துரைக்கப்பட்ட பிரிவுகளுள் சில:

* உயிரியல் கட்டுப்பாட்டுக் காரணிகள், உயிர் உரங்கள் உற்பத்தி
* விதை உற்பத்தி
* காளான் வளர்ப்பு
* மண், நீர், விதைப் பரிசோதனை
* வணிகமுறைத் தேனீ வளர்ப்பு
* கோழி வளர்ப்பு
* வணிகத் தோட்டக்கலை
* மலர் சாகுபடியும் நில எழிலூட்டலும்
* உணவு பதப்படுத்தல்
* வேளாண் கழிவு மேலாண்மை
* இயற்கை வேளாண் உற்பத்தி
* பட்டுப்புழு வளர்ப்பு

இவை பெரிய நிலம் தேவைப்படாதவை என்பதும், ஒரு பருவத்திற்குள் உற்பத்தியையும் விற்பனையையும் ஒருமுறையேனும் முடிக்கக் கூடியவை என்பதும் குறிப்பிடத்தக்கவை. மா, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களில் இவ்வாறு செய்ய இயலாது. அவற்றின் நாற்றுகளை உற்பத்தி செய்து விற்பது மட்டுமே பயிற்சிக்கு ஏற்றதாகிறது.

மதிப்பீடு வழக்கமான எழுத்துத் தேர்வினின்றும் மாறுபட்டது. திட்டமிடல், ஒழுங்காகப் பணிக்கு வருதல், உற்பத்தி அளவு, தொழில்நுட்பத் திறன், தொழில்முனைவுத் திறன், வணிகத் தொடர்புகளை ஏற்படுத்தும் திறன், அறிக்கை, இறுதி முன்வைப்பு ஆகியவை மதிப்பெண்ணுக்கு உரியவை. விற்பனையில் கிடைக்கும் இலாபத்தில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

எடுத்துக்காட்டு: சிப்பிக் காளான் பிரிவு

பல கல்லூரிகளில் காணப்படும் காளான் பிரிவு இக்கல்வியின் தன்மையை விளக்கப் பொருத்தமானது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்து, வெந்நீரிலோ ஆவியிலோ வேகவைத்து, ஈரம் வடித்து, காளான் வித்துடன் அடுக்கடுக்காக நெகிழிப் பைகளில் நிரப்புகின்றனர். பூசண இழைகள் பரவ 15 முதல் 20 நாட்கள் ஆகும். அதன் பின் மொட்டுகள் தோன்றிச் சில நாட்களில் முதல் அறுவடை கிடைக்கிறது. அடுத்தடுத்த அறுவடைகளையும் சேர்த்து ஒரு சுற்று ஏறத்தாழ 45 நாட்களில் முடிவடைகிறது. ஆகவே ஒரு பருவத்தில் இரண்டு அல்லது மூன்று சுற்றுகளை நடத்தலாம். முதல் சுற்றின் தவற்றை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

உற்பத்தியைக் காட்டிலும் விற்பனையே இங்குக் கடினமான பாடமாகும். சிப்பிக் காளான் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு நாள் மட்டுமே நல்ல நிலையில் இருக்கும். இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு சுற்றுக்கு நிலைச் செலவு 12,000 ரூபாய், ஒரு கிலோ உற்பத்திக்கான மாறும் செலவு 60 ரூபாய், விற்பனை விலை கிலோவுக்கு 140 ரூபாய் எனக் கொள்வோம். ஒவ்வொரு கிலோவும் நிலைச் செலவை ஈடுகட்ட 80 ரூபாய் தருகிறது. எனவே 150 கிலோ விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதுவே சமநிலைப் புள்ளி எனப்படும்.

அக்குழு 200 கிலோ உற்பத்தி செய்து முழுவதையும் விற்றால் வரவு 28,000 ரூபாய், செலவு 24,000 ரூபாய், இலாபம் 4,000 ரூபாய் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு விற்காமல் கெட்டுவிட்டால் 160 கிலோ மட்டுமே விலைபோகும். அப்போது வரவு 22,400 ரூபாய், செலவு மாறாது, 1,600 ரூபாய் நட்டம். விற்பனை 150 கிலோவைக் கடந்தும் நட்டம் வருவதற்குக் காரணம், விற்காத 40 கிலோவுக்கும் மாறும் செலவு செய்யப்பட்டிருப்பதே. அழுகும் பொருள்களில் சமநிலைப் புள்ளியை விற்பனை அளவால் மட்டும் கணக்கிடக் கூடாது என்பதை மாணவர் இவ்வாறு அறிகின்றனர். மீந்த காளானை உலர்த்துதல், ஊறுகாய் அல்லது பொடியாக மாற்றுதல் போன்ற மதிப்புக்கூட்டல் முயற்சிகள் இத்தேவையிலிருந்தே எழுகின்றன.

பட்டத்திற்குப் பிந்தைய வாய்ப்புகள்

பல்கலைக்கழகப் பயிற்சியோடு தொடர்புடைய அரசுத் திட்டங்கள் பல உள்ளன.

வேளாண் மருந்தகங்கள் மற்றும் வேளாண் வணிக மையங்கள் திட்டம்: ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமும் (மேனேஜ்) நபார்டு வங்கியும் இதனைச் செயல்படுத்தி வந்துள்ளன. தகுதியுடையோருக்குத் தங்கிப் பயிலும் இலவசப் பயிற்சி அளிக்கப்பட்டு, வங்கிக் கடனுக்கு வழிகாட்டப்படுகிறது. திட்டத்தின் திருத்தப்பட்ட விதிகளில், தனிநபருக்கு 20 இலட்சம் ரூபாய் வரையிலும், ஐவர் குழுவுக்கு 1 கோடி ரூபாய் வரையிலும் திட்டச் செலவு அனுமதிக்கப்பட்டது. மானியம் பொதுப்பிரிவினருக்கு 36% ஆகவும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வடகிழக்கு மற்றும் மலை மாநிலத்தவர் ஆகியோருக்கு 44% ஆகவும் வரையறுக்கப்பட்டது.

தொழில் வளர்காப்பகங்கள்: ஐதராபாத்திற்கு அருகில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேளாண் வணிக வளர்காப்பகம் இவற்றுள் முன்னோடியாகும். ராஷ்டிரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் ஒரு பகுதியாக 2018–19இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் 5 அறிவுக் கூட்டாண்மை மையங்களும் 24 வளர்காப்பகங்களும் தேர்வு செய்யப்பட்டன. தார்வாடு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம், அசாம் வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவை அவ்வைந்தில் அடங்கும். இதில் கருத்து நிலையில் உள்ளோருக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலும், தொடக்க நிலை நிறுவனங்களுக்கு 25 இலட்சம் ரூபாய் வரையிலும் மானியம் அறிவிக்கப்பட்டது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்: 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 18 இலட்சம் ரூபாய் வரை நிதியுதவி உண்டு. முதன்மைச் செயல் அலுவலர், கணக்கர் ஆகியோரின் ஊதியமும் இதில் அடங்கும். முதன்மைச் செயல் அலுவலர் பணி வேளாண் பட்டதாரிகளுக்கு ஏற்றது. சொந்த முதல் இல்லாத பட்டதாரி, உழவர்களின் கூட்டு முதலைக் கொண்டு தொழில் நடத்திப் பழக இது வழியளிக்கிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இளநிலை வேளாண்மைப் பட்டத்துடன் வேளாண் வணிக மேலாண்மையிலும் பட்டப்படிப்பை நடத்துகிறது. தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின்கீழ் இப்பல்கலைக்கழகத்தில் தொழில் திட்டமிடல் மற்றும் மேம்பாட்டுப் பிரிவு உருவாக்கப்பட்டது. பின்னர் தொழில்நுட்ப வணிக வளர்காப்பகமும் ஏற்பட்டது. பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்புகளை உரிமக் கட்டணம் பெற்றுத் தொழில்முனைவோருக்கு வழங்குவது வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககத்தின் பணியாகும். பல்கலைக்கழகம் உருவாக்கிய தென்னை டானிக், பயறு ஒண்டர் போன்ற பயிர் ஊக்கிகள் தமிழக உழவர்களிடையே அறிமுகமானவை. வெப்பமான பகுதிகளுக்கு ஏற்ற ஏபிகே 2 என்னும் பால் காளான் வகையும் இப்பல்கலைக்கழகத்தின் வெளியீடே.

தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. 2025–26ஆம் ஆண்டு அறிக்கையில் 1,000 முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள் அறிவிக்கப்பட்டன. வேளாண் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் 10 முதல் 20 இலட்சம் ரூபாய் மதிப்பில் அமைக்கும் இம்மையங்களுக்கு 30% மானியம் என்பது அவ்வறிவிப்பாகும். இடுபொருள் விற்பனையுடன் பயிர் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்வது இதன் நோக்கமாகும்.

பிற நாடுகளில்

இக்கல்வி முறைக்குப் பெரிதும் சுட்டப்படும் அயல்நாட்டு எடுத்துக்காட்டு கோஸ்டா ரிக்காவில் உள்ள எர்த் பல்கலைக்கழகமாகும். 1986ஆம் ஆண்டு சட்டத்தால் நிறுவப்பட்டு 1990ஆம் ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய இந்நிறுவனம், நான்காண்டு வேளாண் பட்டம் வழங்குகிறது. மாணவர்கள் சிறு குழுக்களாக நிறுவனம் தொடங்கி, பல்கலைக்கழகத்திடமிருந்து கடன் பெற்று, உற்பத்தி செய்து விற்று, கடனை வட்டியுடன் திருப்பிச் செலுத்திய பின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். இந்திய முறையில் தொழில் நடத்தும் பயிற்சி பெரும்பாலும் இறுதியாண்டின் ஒரு பருவத்தில் அமைகிறது. எர்த் பல்கலைக்கழகத்திலோ தொழில் திட்டம் படிப்பின் பெரும்பகுதியினூடே தொடர்கிறது. இருமுறைகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு இதுவாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கருத்து பள்ளி நிலையிலேயே தோன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் இசுடிம்சன் 1908ஆம் ஆண்டளவில் வீட்டுப் பண்ணைத் திட்ட முறையை அறிமுகப்படுத்தினார். மாணவர் தம் வீட்டுப் பண்ணையில் ஒரு பயிரையோ கால்நடையையோ தம் பொறுப்பில் வளர்த்துக் கணக்கு எழுத வேண்டும் என்பது அம்முறை.

சிக்கல்களும் விமர்சனங்களும்

காலக் குறைவு: ஒரு பருவத்தில் ஒரு தொழிலின் தொடக்கத்தை மட்டுமே காண இயலும். வாடிக்கையாளர் நிலைபெறும் முன்னரே குழு கலைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மாணவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.

உண்மைச் செலவு மறைதல்: கட்டடம், நிலம், மின்சாரம், தொழில்நுட்ப வழிகாட்டல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகமே அளிப்பதால் அவை பெரும்பாலும் மாணவரின் கணக்கில் ஏறுவதில்லை. வளாகத்திற்குள்ளேயே ஆசிரியர்களும் பணியாளர்களும் பொருளை வாங்கிக்கொள்வதும் உண்டு. இவ்வாறு கிடைக்கும் இலாபம் வெளிச்சந்தையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. மேற்கண்ட காளான் கணக்கில் ஒரு சுற்றுக்கு 5,000 ரூபாய் வாடகையைச் சேர்த்தால், முழுவதும் விற்ற நிலையிலும் 1,000 ரூபாய் நட்டமே மிஞ்சும்.

இடரை ஏற்காமை: சுழல்நிதி பல்கலைக்கழகத்திற்கு உரியது. நட்டம் ஏற்பட்டால் மாணவரின் கைப்பணம் போவதில்லை. பயிற்சிக்கு இப்பாதுகாப்பு தேவையானதே. ஆயினும் கடன் வாங்கிய தொழில்முனைவோர் எதிர்கொள்ளும் அழுத்தத்தை இது உணர்த்துவதில்லை.

போட்டித் தேர்வுகள்: இறுதியாண்டு என்பது முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளுக்கும், வங்கி மற்றும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் மாணவர்கள் தயாராகும் காலமாகும். நிலையான ஊதியத்தை எதிர்பார்க்கும் குடும்பச் சூழலில், தொழில் பயிற்சி மதிப்பெண்ணுக்கான கடமையாகச் சுருங்கிவிடும் நிலை உள்ளது.

நிலமும் பிணையமும்: வங்கிக் கடனுக்குப் பிணையம் கோரப்படும்போது, சொந்த நிலமோ வீடோ இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள் பின்தங்குகின்றனர். குடும்பச் சொத்து தம் பெயரில் இல்லாத பெண்களுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. மானியம் கடனுடன் இணைக்கப்பட்டிருப்பதால், கடன் கிடைக்காதவருக்கு மானியமும் கிடைப்பதில்லை.

ஆசிரியர் பின்புலம்: ஆசிரியர்கள் ஆராய்ச்சித் தகுதியின் அடிப்படையில் தேர்வு செய்யப்படுகின்றனர். தொழில் நடத்திய பட்டறிவு அத்தேர்வில் பெரிதாகக் கருதப்படுவதில்லை. வணிகர், முன்னோடி உழவர், முன்னாள் மாணவத் தொழில்முனைவோர் ஆகியோரை வகுப்புக்கு அழைப்பது இதற்கு மாற்றாகக் கையாளப்படுகிறது.

இக்கல்வியை ஆதரிப்போர், தொழில் தொடங்கியோரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இதன் பயனை அளவிடுதல் முறையன்று என்பர். செலவுக் கணக்கும் சந்தையும் அறிந்த பட்டதாரி, வேளாண் துறையில் அலுவலராகவோ வங்கியில் கடன் ஆய்வாளராகவோ பணியாற்றினாலும், உழவருக்கு விளைச்சலோடு வருவாயையும் கருதி ஆலோசனை கூற இயலும் என்பது அவர்தம் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

* இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்
* தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்
* வேளாண் அறிவியல் நிலையம்
* உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்
* வேளாண் விரிவாக்கம்
* காளான் வளர்ப்பு